செத்த சட்டிகளின் நேரக்கணக்கு

கண்டாவளையில் தவராசாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கடதாசி வாசிக்கிறான் என்பார்கள் சிலர். பிழை பிடிக்கிறான் என்பார்கள் வேறு சிலர். மாமனார் மயில்வாகனத்திடம் கேட்டால், "மருமோன் யோசிக்கிறார்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் சாறைத் துப்புவார். யோசனை என்பது வயிற்றோட்டம் மாதிரி ஒரு வருத்தம், கொஞ்ச நாள் கிடந்து எழும்பினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்தத் துப்பலில் இருக்கும்.

பிழை பிடிப்பது அவனுக்குப் பிறவிக் குணம். பஸ் நடத்துநர் கொடுத்த மிச்சத்தைத் தனக்கு நட்டம் வருகிற மாதிரித் திருத்திக் கொடுத்தவன். அவனுடைய சொந்தக் கலியாண அழைப்பிதழில் திகதிக்கும் கிழமைக்கும் பொருத்தமில்லை என்று கண்டுபிடித்ததும் அவனேதான். கண்டுபிடித்த நேரத்தில் அழைப்பிதழ் முழுவதும் ஊருக்குள் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். பிறகு எது சரியான நாள் என்று எல்லோருக்கும் சந்தேகம் வந்து, பாதிப்பேர் முதல்நாளே வந்து பந்தலில் குந்திக்கொண்டு சாப்பாடு கேட்டார்கள். மனைவி கமலாசனி அதை இன்றைக்கும் மறக்கவில்லை.

எண்பத்து மூன்று ஆடி வரைக்கும் இந்தக் குணத்துக்குக் கொழும்பில் ஒரு கதிரை இருந்தது. ஒரு கந்தோரின் கொம்பியூட்டர் பிரிவு. குளிரூட்டிய அறை, கழுத்துப்பட்டி, ஊருக்கு வரும்போது பிஸ்கற் பெட்டி. "கந்தோரில இருக்கிறார்" என்ற சொல்லுக்குள் எல்லாம் அடங்கியிருந்தது. ஆடிக் கலவரத்தில் அகதிக் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து கண்டாவளைக்கு மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, கையில் இருந்தது யாரோ கொடுத்த சாரமும் தன்னுடையதல்லாத ஒரு சோடிச் செருப்பும். அதில் இரண்டும் இடக்கால்.

மயில்வாகனத்துக்குப் பரந்தன் சந்தியில் ஓர் அரிசி மில் இருந்தது. மருமகனுக்கு அங்கே இடம் தயார் என்றார். தவராசா ஒரு நாள் போய்ப் பார்த்தான். உமி பறக்கிறது, இயந்திரப் பட்டி ஓடுகிறது, மாமனார் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். அடுத்த நாள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. நல்ல காலமாக அதே மாதத்தில் பரமேஸ்வரனும் வந்தான். ஆள் வரவில்லை, பார்சல் வந்தது.

பரமேஸ்வரன் பழைய கந்தோர் நண்பன். கொழும்பை விட்டுப் போகாமல் அங்கேயே சின்னதாக ஒரு கந்தோர் திறந்து, லண்டன் கம்பனி ஒன்றுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தான். எழுதியது எதுவானாலும் இரண்டாவது ஆள் ஒருவர் வாசித்து ஒப்பம் வைக்க வேண்டும், அந்த ஒப்பம் இல்லாமல் ஒரு வரியையும் மாற்றவும் கூடாது என்பது லண்டன்காரரின் கட்டளை. பரமேஸ்வரனுக்குத் தெரிந்த இரண்டாவது ஆள் கண்டாவளையில் இருந்தான்.

முல்லைத்தீவு மீராசாகிபுவின் லொறியில்தான் பார்சல் வரும். வவுனியாவில் ஆமிக்காரர் ஒருமுறை அதைப் பிரித்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய நீளக் கடதாசி. ஒருவன் ஒரு முனையைப் பிடிக்க மற்றவன் இழுத்துக்கொண்டு போக, அது றோட்டு நீளத்துக்குப் போய்க்கொண்டே இருந்ததாம்.

"கடைசியில அவங்களுக்கே அலுத்துப் போச்சு தம்பி" என்றார் மீராசாகிபு. "மடிக்கத் தெரியாம என்னட்டையே தந்திட்டாங்கள். நானும் கிளீனரும் மடிச்சுக் களைச்சுப் போனம். இனிமேல் துண்டு துண்டா எழுதச் சொல்லுங்க, அல்லாவுக்காக."

எண்பத்து நாலு வைகாசியில் வந்த கட்டு கொஞ்சம் வித்தியாசமானது. அது கேர்ணல். கொம்பியூட்டருக்குள் ஓடும் மற்றப் புரோகிராம்களுக்கெல்லாம் இடமும் நேரமும் பங்கிட்டுக் கொடுக்கிற அடி வேலை. அந்தக் கேர்ணலில், ஓடி முடிகிற புரோகிராம்களின் நேரக்கணக்கைப் பார்க்கிற 'எக்சிற்' பகுதி அவனுக்கு வந்திருந்தது. எது எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிற கைநூல் ஒன்றும் கூடவே வந்திருந்தது.

கமலாசனிக்கு அவன் விளங்கப்படுத்தினான். ஓடுகிற ஒரு புரோகிராம் இன்னொன்றைப் பிறப்பிக்கும். பிறப்பித்தது தகப்பன், பிறந்தது பிள்ளை. பிள்ளை எவ்வளவு நேரம் இயந்திரத்தைப் பாவித்தது என்று கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்து பிள்ளை செத்தாலும் அதன் இடம் உடனே காலியாகாது. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். தகப்பன் வந்து, கணக்கை வாங்கித் தன் கணக்கோடு சேர்த்த பிறகுதான் இடம் காலி.

"தாய் வரமாட்டாவோ?" என்றாள் கமலாசனி.

அவனும் பரமேஸ்வரனும் அதைப் பற்றி முன்பே கதைத்திருந்தார்கள். இங்கிலீசில் இரண்டுக்கும் பொதுவான சொல். தமிழில் தகப்பன் என்றே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். ஏனென்றால் சில தகப்பன்கள் தொடக்கத்திலேயே, "என்ர பிள்ளையளின்ர சாவை எனக்கு அறிவிக்க வேண்டாம்" என்று கேர்ணலுக்குச் சொல்லிவைத்துவிடும். அப்படியொரு தாயை யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது.

ஊரில் கொம்பியூட்டர் கிடையாது. அதனால் புரோகிராமைக் குசினியில் ஓட்டினான். பெரிய பானை தகப்பன். சின்னச் சட்டிகள் பிள்ளைகள். கேர்ணல் தவராசா. வரிசைப்படி ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு பேணி தண்ணீர் ஊற்றுவான். அது அந்தப் பிள்ளை ஓடிய நேரம். பிள்ளை செத்தால் சட்டியின் மேல் ஒரு பூவரசம் இலை. தகப்பன் வந்து கேட்டால் சட்டித் தண்ணீரைப் பானைக்குள் ஊற்றிவிட்டு இலையை எறிவான்.

"இஞ்சேருங்கோ, அந்தச் செத்த சட்டியை எடுக்கலாமோ? புளிக்கறி வைக்கோணும்."

"பொறும். தகப்பன் இன்னும் வரேல்லை."

"தகப்பனைக் கெதியா வரச் சொல்லுங்கோ. எனக்கு அடுப்பு எரியுது."

இப்படித்தான் கமலாசனி, கொழும்பில் பலர் படித்தும் விளங்காத ஒன்றை மூன்று வேளையும் அனுபவித்தாள். செத்தது இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், எடுக்க வேண்டியவன் வராவிட்டால் கறி இல்லை. இரண்டாம் நாள் தவராசாவையும் சட்டிப் பிள்ளைகளையும் கிணற்றடிக்குத் துரத்திவிட்டாள்.

அந்த நேரத்தில்தான் வீரபாகு இறந்துபோனார்.

வீரபாகு மயில்வாகனத்தின் தமையன். விசுவமடுவில் இருந்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தண்ணீர்ப் பம்பு இருந்த காலத்தில், யார் எவ்வளவு நேரம் பம்பு ஓட்டினார் என்று ஒரு வாய்த்தர்க்கம் வந்தது. தர்க்கம் வயலில் தொடங்கிச் சந்திக்கு வந்து, அங்கே நாலுபேர் விலக்குப் பிடிக்கப் போய்ப் பெரிதானது. அதன் பிறகு முகம் பார்ப்பதில்லை. "எனக்குத் தமையன் எண்டொரு ஆள் இல்லை. செத்தாலும் எனக்குச் சொல்ல வேண்டாம்" என்று மயில்வாகனம் சந்தியில் வைத்துச் சொன்னார். சொன்னபடியே செத்தவீட்டுக்கும் போகவில்லை. அன்றைக்கு மில்லில் உட்கார்ந்து, வழக்கத்தைவிட உரத்த குரலில் வேலை வாங்கினார்.

பிரச்சினை கோயிலில் வந்தது. வருகிற திங்கள் கழிந்து அதற்கடுத்த திங்கட்கிழமை பிள்ளையார் கோயில் பொங்கல். முதற்பானை மயில்வாகனம் வைப்பதாக இருந்தது. பூசாரியார் சின்னராசா படலையடிக்கு வந்து நின்றுகொண்டு, செத்தவீட்டுத் தீட்டுக்குப் பயந்து உள்ளே வராமலே சொன்னார்.

"மயிலண்ணை, குறை நினையாதேங்கோ. முப்பத்தொண்டாம் நாள் முடியாமல் நீங்கள் கோயில் வாசற்படி மிதிக்கேலாது. துடக்கு."

"எனக்கென்ன துடக்கு? நான் போகேல்லை. அழேல்லை. ஒரு சொட்டுத் தண்ணியும் குடிக்கேல்லை."

"நீங்கள் போனாலென்ன போகாட்டியென்ன. கூடப் பிறந்தவர் எல்லே?"

"அதை நான் எப்பவோ வெட்டி விட்டிட்டன்."

"வெட்டினது கதை பேச்சை. துடக்கை வெட்டேலாது."

மயில்வாகனம் திரும்பிப் பார்த்தார். கிணற்றடியில் சட்டிகளுக்கு நடுவே மருமகன் குந்தியிருந்தான். படித்தவன், கொழும்பில் இருந்தவன், பிழை பிடிக்கிறவன். இப்போதாவது ஒரு பிரயோசனம் இருக்கட்டும் என்று கூப்பிட்டார்.

"தம்பி, நீர் சொல்லும். வேண்டாம் எண்டு சொன்னவனுக்கும் துடக்கோ?"

தவராசா கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவன் யோசிக்காமல் பேசிய மிகச் சில தருணங்களில் அதுவும் ஒன்று.

"துடக்கு ஆரையும் கேட்டு வாறேல்லை மாமா."

பூசாரியார் தலையை ஆட்டிக்கொண்டு போனார். மயில்வாகனம் மருமகனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார்.

"சரி. உம்மடை கடதாசிக்காரன் உம்மை வைச்சிருக்கிற வரைக்கும் இதில குந்தியிரும். அவன் விட்ட அண்டைக்கு மில்லுக்கு வாரும். அதுக்குப் பிறகு காய்ச்சல் கீய்ச்சல் எண்டு படுக்கிற கதை வேண்டாம்."

அன்று பின்னேரம் தவராசா அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தான். சாவை அறிவிக்க வேண்டாம் என்று சொன்ன தகப்பனின் பிள்ளை செத்தால் என்ன செய்வது என்று எழுதியிருந்த பக்கம். கேர்ணல் அந்தப் பிள்ளையைக் கிடக்க விடாது. அந்தக் கணமே இடத்தைக் காலியாக்கும். காலியாக்குவதற்கு முன்னால் ஒரு வரி: பிள்ளையின் நேரத்தைத் தகப்பனின் கணக்கில் கூட்டு.

சட்டித் தண்ணீரைப் பானைக்குள் ஊற்றிப் பார்த்தான். வந்தால் என்ன வராவிட்டால் என்ன, தகப்பன் எல்லவோ. வேறு யாருடைய கணக்கில் சேர்ப்பது? பக்கத்தின் ஓரத்தில் 'சரி' என்று எழுதி, ஒப்பம் வைத்து, சனிக்கிழமை மீராசாகிபுவின் லொறியில் ஏற்றிவிட்டான். மனதுக்குள் ஒரு நிறைவு இருந்தது. கேர்ணல் எழுதியவன் முறை தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது.

வன்னியில் தந்தி என்றால் சாவு. தபாற்காரனின் சைக்கிள் படலையில் சாய்ந்ததுமே கமலாசனி தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டாள். பக்கத்து வீட்டு அமராவதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, யார் என்று தெரியாமலே, "ஐயோ, நேற்றும் என்னோட கதைச்சதே" என்று ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். தவராசா உரத்து வாசித்தான். "எக்சிற் பகுதி பிழை. உடனே கோல் எடு. பரமேஸ்."

"எக்சிற் ஆர்?" என்றாள் அமராவதி, மூக்கைச் சீறிக்கொண்டு.

புதன்கிழமை கிளிநொச்சித் தபாற்கந்தோரில் கொழும்புக்கு ட்றங் கோல் பதிந்துவிட்டு நின்றான். கோலுக்குக் காத்திருந்த கியூ வாசல் தாண்டி வெயிலில் நீண்டிருந்தது. ரெலிபோன் பெட்டிக்குக் கதவு இல்லை. எப்போதோ கழன்று விழுந்ததை யாரும் திருப்பி மாட்டவில்லை. கொழும்பு கிடைத்ததும் கந்தோர் அம்மா இராசேஸ்வரி அவனைக் கூப்பிட்டாள். லைன் இரைந்தது. கத்தினால்தான் கேட்கும்.

"டேய் தவம், அந்தப் பக்கத்தை வாசிச்சனியோ, இல்லாட்டிச் சும்மா ஒப்பம் வைச்சனியோ?"

"வாசிச்சனான்! சரியாத்தான் இருக்கு!"

"என்னடா சரி? சாவு அறிவிக்க வேண்டாம் எண்ட தகப்பன்ர தலையில பிள்ளையின்ர நேரத்தைக் கட்டியிருக்கு."

"கட்டத்தானே வேணும்!"

"ஏன் கட்ட வேணும்?"

"தகப்பன் எல்லே!"

கியூவில் நின்றவர்கள் காதைக் கொடுத்தார்கள்.

"மச்சான், கைநூலைப் பார். காத்திருந்து தானே எடுத்த பிள்ளையின்ர நேரம் மட்டும்தான் தகப்பன்ர கணக்கில வரும். எடுக்காதது வராது."

"பிள்ளை செத்துக் கிடக்குது, தகப்பன் வரமாட்டன் எண்டுறான். அதுக்காக அவனுக்கு ஒண்டும் இல்லையோ? கைநூல் எழுதினவனுக்குப் பிள்ளை குட்டி இல்லைப் போல!"

"தம்பி சொல்லுறதுதான் நியாயம்" என்றார் கியூவில் முன்னால் நின்ற ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் நின்ற பெண் அதை வெயிலில் நிற்பவர்களுக்குச் சொன்னாள். "ஆரோ ஒரு தகப்பன், பிள்ளையின்ர செத்தவீட்டுக்குப் போகேல்லையாம். துடக்கும் காக்கமாட்டானாம்." வெயிலில் இருந்து ஒரு குரல், "கொழும்பாக்களோ?" என்றது.

"தவம், கவனமாக் கேள். புரோகிராம் பதிஞ்ச ரேப் வெள்ளிக்கிழமை பின்னேரம் லண்டன் பிளேனில ஏறுது. அதுக்கு முதல் நீ உன்ர ஒப்பத்தைத் திருப்பி எடுத்தாத்தான் நான் அந்த வரியை வெட்டலாம். எடுக்கிறியோ?"

கியூ முழுவதும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எடுக்கேலாது. வரி சரி!"

"அப்ப இதுதான் கடைசிக் கட்டு. கைநூலைப் பாராமல் தன்ர மனசைப் பார்த்து ஒப்பம் வைக்கிற ஆளை நான் வைச்சிருக்கேலாது. வெள்ளி மத்தியானம் வரைக்கும் பாப்பன்."

லைன் அறுந்தது. தவராசா திரும்பியபோது பெரியவர் அவன் தோளில் தட்டினார். ஒருத்தர் சோடா வாங்கிக் கொடுத்தார். இராசேஸ்வரி மட்டும், "அந்தத் தகப்பன் எந்த ஊர்?" என்று கேட்டாள்.

"ஊர் இல்லையம்மா. அது கொம்பியூட்டருக்குள்ள."

"மெசினெண்டாலும் முறை முறைதானே" என்றாள் அவள்.

வீட்டுக்கு வரும் வழியில், பரந்தன் சந்தியில் மில்லின் பட்டி ஓடும் சத்தம் கேட்டது.

வியாழக்கிழமை காலையிலிருந்து கிணற்றடியில் கிடந்தான். பரமேஸ்வரன் சொன்னது பிழை என்று சட்டி சட்டியாக நிறுவி, வெள்ளி காலையில் அதைக் கத்திச் சொல்லிவிட வேண்டும். பெரிய பானையை நிரப்பி, தண்ணீர் நின்ற மட்டத்தில் கரியால் கோடு போட்டான். தகப்பன் ஒரு பிள்ளையை அனுப்பிவிட்டு, அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று அறிய, முன்னுக்கும் பின்னுக்கும் தன் மட்டத்தை அளக்கிறான் என்று வைத்துக்கொண்டான். சட்டிகளை அடுக்கி, இலைகளை வைத்து, எல்லாம் சரியாக இருந்த நேரத்தில் அமராவதியின் ஆடு வந்து ஒரு பக்கத்தைக் கவ்விக்கொண்டு வேலிக்குள் பாய்ந்தது. பக்கத்தைப் பறித்துக்கொண்டு வந்து பார்த்தால் பானை அரைவாசிக்குக் கீழே கிடந்தது. கரிக்கோடு மேலே தனியே நின்றது.

அவனுக்கு ஆத்திரம் வந்தது. தான் பாராத நேரத்தில் தன் பானையில் யார் கைவைத்தது?

கிணற்றுக்கட்டின் மறுபக்கத்தில் மயில்வாகனம் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. நல்ல வேட்டியோடு அப்படியே நனைந்திருந்தார். அள்ளுவதற்குப் பொறுமை இல்லாமல், கையில் அகப்பட்ட பானையிலிருந்து கோலித் தலையில் ஊற்றியிருக்கிறார்.

"மாமா, எங்க போட்டு வாறியள்?"

"வயலுக்கு."

"வயலுக்குப் போட்டு வந்து ஆர் வேட்டியோட தலை முழுகிறது?"

செத்தவீட்டுக்குப் போய் வருகிறவன்தான் வீட்டுக்குள் கால் வைக்க முன்னம் தலையில் தண்ணீர் ஊற்றுவான். இது கண்டாவளைச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மயில்வாகனத்துக்கும் தெரியும். அவர் முகத்தை வழித்துக்கொண்டார்.

"ஓம், போனனான். இண்டைக்கு எட்டாம் நாள். என்ன இப்ப?"

"இல்லை, நீங்கள் வெட்டி விட்டிட்டன் எண்டு..."

"வெட்டினவன் போகக்கூடாதெண்டு எங்க கிடக்கு? போனன். இருந்தன். அண்ணியார் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. வடையைக் கொண்டுவந்து வைச்சா. உப்புக் கூட." கொஞ்ச நேரம் தலையைத் துவட்டினார். துவட்டி முடிந்த பிறகும் துவட்டினார். "பூசாரியிட்டைச் சொல்லிவிடும். முதற்பானையை வேற ஆரும் வைக்கட்டும். எனக்குத் துடக்கு."

"அதைத்தானே மாமா அவர் அண்டைக்கே சொன்னவர்."

"அது அவர் கொண்டுவந்து என்ர தலையில போட்ட துடக்கு. அதை நான் எடுக்கேல்லை. இது நான் போய் எடுத்தது. ரெண்டும் ஒண்டோ?" என்று சீறிவிட்டு, ஈர வேட்டி கால்களில் ஒட்ட ஒட்ட உள்ளே போனார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "உம்மடை பானை ஓட்டை. ஒழுகுது."

தவராசா குந்திக்கொண்டான். கரிக்கோட்டைப் பார்த்தான். கோடு ஒரு கதை சொன்னது, தண்ணீர் வேறு கதை சொன்னது. மாமனார் எடுத்தார், அங்கே கேர்ணல் ஊற்றுகிறது. அளந்துகொண்டிருக்கிறவனின் பானையில் அவனுக்குச் சொல்லாமல் கைவைத்தால் இரண்டும் ஒரே அநியாயம்தான். தகப்பன், அனுப்பிய வேலைக்கு எவ்வளவு ஆனது என்று அளக்கிறான். தான் கேளாத பிள்ளையொன்றின் நேரம் பின்னால் இருந்து வந்து விழுகிறது. அவன் காட்டும் கணக்கு முழுப் பொய்.

பக்கங்களைப் புரட்டினான். தகப்பன் தானாக வந்து எடுக்கிற பக்கத்தில் கூட்டுகிற வரி ஏற்கெனவே இருந்தது. அது மாமனாரின் வரி. தான் ஒப்பம் வைத்த பக்கத்தில் இருந்தது பூசாரியின் வரி. அந்த நாள் முழுக்க வீட்டில் துடக்குக் கதை நடந்துகொண்டிருந்தது. அவன் கொம்பியூட்டரை வாசிக்கவில்லை, படலையடியை வாசித்திருக்கிறான்.

"கமலா, சட்டியளை எடும்" என்றான்.

"எல்லாருக்கும் தகப்பன் வந்திட்டுதோ?" என்றாள் கமலாசனி.

வெள்ளி காலை பஸ் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை. வெயில் ஏறிக்கொண்டு வந்தது. பரந்தன் சந்தியில், மில்லுக்கு எதிரே நின்று, வடக்கையும் தெற்கையும் மாறி மாறிப் பார்த்தான். மில்லின் வாசலில் நின்ற மயில்வாகனமும் அவனைப் பார்த்தார். கடைசியில் மீராசாகிபுவின் லொறி தேங்காயோடு வந்தது. முன்னால் இடம் இல்லை. தேங்காய்க்கு மேலே ஏறி உட்கார்ந்தான்.

"என்ன தம்பி, இவ்வளவு அவதி?" என்று கீழேயிருந்து மீராசாகிபு கேட்டார்.

"மீராசாகிபு நானா, நான் சரியெண்டு சொன்னது பிழை. அதைப் போய்ச் சொல்லோணும்."

"பிழையெண்டு சொல்லவோ தேங்காய்க்கு மேல போறீங்க? நான் கலியாணத்துக்கு ஆக்கும் எண்டு நினைச்சன்."

கோல் கிடைக்காதவர்கள் மறுநாளும் வருவார்கள், அதற்கடுத்த நாளும் வருவார்கள். ஆகையால் கியூவில் பாதிப்பேர் அதே ஆட்கள். அவனைக் கண்டதும் பெரியவர் இடம் விட்டார்.

"போம் தம்பி, போம். நல்லாக் குடும். விடாதையும்."

நிழல் சுருங்கிக் காலடிக்கு வந்த நேரத்தில் கொழும்பு கிடைத்தது. தவராசா ரெலிபோனை வாயோடு ஒட்டிப் பிடித்து மெதுவாகப் பேசிப் பார்த்தான்.

"என்ன? கேக்கேல்லை! கத்து!"

வேறு வழி இல்லை.

"நான் பிழை! தகப்பன் வரேல்லையெண்டால் பிள்ளையின்ர கணக்குத் தகப்பனுக்கு இல்லை! என்ர ஒப்பத்தை எடுக்கிறன்! வரியை வெட்டு!"

முதுகுக்குப் பின்னால் ஒரு பெருமூச்சு எழுந்தது. அது ஒருவரின் பெருமூச்சாக இல்லை.

பரமேஸ்வரன் சிரித்தான். "தப்பினாய். நானும் தப்பினன். லண்டனுக்கு முதலே அனுப்பின கடதாசியைப் பாத்த வெள்ளைக்காரனும் அதைச் சரி எண்டுதான் போட்டிருக்கிறான். அவன் வாசிக்கேல்லை. நீ வாசிச்சுப் பிழை விட்டனி, அது பறவாயில்லை. அடுத்த கட்டு செவ்வாய்க்கிழமை லொறியில வரும். ஆனா தவம், இந்த எக்சிற் பகுதியைப் பற்றி இனி ஒரு கதையும் கதையாதை. மூடியாச்சு. இன்னொருக்கா அதைக் கிளறினாய் எண்டால் உண்மையா நிப்பாட்டிப் போடுவன்."

"கிளறமாட்டன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ரெலிபோனை வைத்தான். வேலை இருக்கிறது. மில் இல்லை. உமி இல்லை. நெஞ்சு லேசாக இருந்தது. திரும்பினான். கியூ அப்படியே நின்று அவனைப் பார்த்தது. சோடா வாங்கிக் கொடுத்தவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

"அண்டைக்கு ஒரு கதை, இண்டைக்கு ஒரு கதை" என்றார் பெரியவர். "எவ்வளவு தந்தவங்கள்?"

"அப்பிடி இல்லை ஐயா. கைநூலில அப்பிடித்தான் போட்டிருக்கு. தானாப் போய் எடுத்தாத்தான் தகப்பன்ர கணக்கில வரும்."

"போகாட்டி?"

"போகாட்டி அவருக்கு இல்லை."

"அப்ப ஆருக்கு?" என்றாள் பெரியவருக்குப் பின்னால் நின்ற பெண்.

"ஆருக்கும் இல்லை. அழிஞ்சுபோம்."

"அந்தப் பிள்ளை ஓடினது?"

"ஓடினது ஓடினதுதான். ஆனா ஒருத்தற்ற கணக்கிலயும் இராது."

வெயிலில் நின்றவர்களுக்கு அது கைமாறிப் போயிற்று. அங்கிருந்து ஒரு முணுமுணுப்புத் திரும்பி வந்தது. இராசேஸ்வரி முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டாள்.

"அதெப்பிடித் தம்பி? மெசினைப் பாவிச்சிருக்கு. கறன்ற் எரிஞ்சிருக்கு. ஒரு இடத்திலயும் பதியாமல் விடுறதோ? ஆகக் குறைஞ்சது கந்தோர்க் கணக்கிலயாவது போடமாட்டினமோ?"

தவராசாவுக்குக் கைநூலில் அதற்குப் பதில் இருந்ததாக நினைவில்லை. மொத்த இயந்திரத்தின் கணக்கு என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதில் அந்த நேரம் விழுகிறதா? விழாவிட்டால் எல்லோருடைய கணக்கையும் கூட்டினால் மொத்தம் வராது. மொத்தம் வராத கணக்குக்கு இப்போதுதான் சம்மதம் சொல்லியிருக்கிறான். ரேப் பின்னேரம் பிளேனில் ஏறுகிறது. சத்தியமும் பண்ணியாயிற்று.

வாசலில் இறங்கினான். படியில் நின்றான். லொறி ஹோர்ன் அடித்தது. மீராசாகிபு கையைக் காட்டினார். தவராசா அவரைப் போகச் சொல்லிக் கையை அசைத்துவிட்டு, கியூவின் நீளத்தைப் பார்த்தான். வெயிலில் அது வேப்பமரம் வரை போயிருந்தது. நடந்துபோய்க் கடைசியில் நின்றான்.

முன்னால் நின்றவர் திரும்பினார். "உமக்குத்தான் கோல் கிடைச்சதே தம்பி?"

"அந்தப் பிள்ளையின்ர நேரம் எங்க பதியுது எண்டு கேக்க மறந்திட்டன்."

அந்தச் செய்தி ஆள் ஆளாக முன்னுக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் வாசலுக்குள் இருந்து பெரியவரின் குரல் கேட்டது.

"டேய், தம்பியை முன்னுக்கு விடுங்கோடா!"